பச்சை பெயிண்டுக்கு அடியில இருந்த எஸ்ஸோ

நாலு மாசமா ஷெட்டுல சாத்தி வெச்சிருந்த முட்டை வடிவ எனாமல் போர்டுல, அதாவது இரும்புத் தகட்டுல கண்ணாடிப் பூச்சைச் சூளையில சுட்டு ஒட்டின பழைய பெட்ரோல் பங்க் போர்டுல, ஒரு பக்கம் நேத்து ராத்திரி முழுசா வெளிய வந்துடுச்சு. நீல வளையம், உள்ள வெள்ளை, நடுவுல சிவப்பா எஸ்ஸோ, அந்தக் காலத்துல நம்ம ஊர்ல இருந்த பெட்ரோல் கம்பெனி பேரு. துடைச்சு லைட்டைப் பக்கவாட்டுல அடிச்சுப் பாத்தா அந்தச் சிவப்பு நேத்து சூளையில இருந்து எடுத்த மாதிரி மின்னுது. சந்தோஷத்துல தூக்கமே வரல.

மேலூர் பக்கம் ஒரு பழைய இரும்புக்கடையில தகரக் குவியலுக்கு நடுவுல கிடந்துச்சு. ஒரு பக்கம் முழுக்க பச்சை பெயிண்ட், மறுபக்கம் மஞ்சள் அடிச்சு அது மேல "இங்கு பஞ்சர் ஒட்டப்படும்"னு எழுதியிருந்துச்சு. வடிவத்தைப் பாத்ததுமே நெஞ்சு அடிச்சுக்கிச்சு, ஆனா உறுதி ஆனது ஓரத்துல பேந்திருந்த ஒரு சில்லுலதான். கண்ணாடி உடைஞ்ச மாதிரி சிப்பி சிப்பியா உடைஞ்சு, வெள்ளைக்கும் இரும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு கருநீலக் கோடு. எனாமலுக்கு முன்னாடி இரும்பு மேல முதல்ல சுடற அடிப்பூச்சு! பெயிண்ட் அடிச்ச தகரத்துல அது வரவே வராது. கடைக்கார அண்ணன் தராசுல வெச்சு இரும்பு விலைதான் போட்டார். என்னன்னு தெரியுமான்னு கேட்டேன், "ஏதோ பழைய பங்க் போர்டு தம்பி, கனமா இருக்குல்ல"ன்னார். நானும் உண்மையைச் சொல்லி மேல கொஞ்சம் சேத்துக் குடுத்துட்டுத்தான் வந்தேன், அடுத்து எது வந்தாலும் போன் பண்றேன்னு சொல்லியிருக்கார்.

இதுக்கு ஏன் இவ்வளவு குதிக்கிறேன்னா, பர்மா ஷெல்ங்கிற இன்னொரு பெட்ரோல் கம்பெனி 1928ல ஆரம்பிச்சு 1976 வரைக்கும் இருந்துச்சு, அந்த போர்டு தேடினா எங்கயாவது ஒண்ணு ஆப்டுடும். எஸ்ஸோ அப்படி இல்ல. ஸ்டான்வாக்ங்கிற பழைய எண்ணெய் கம்பெனி 1962ல பிரிஞ்ச பிறகுதான் நம்ம ஊர் பங்க்ல அந்தப் பேரு வந்துச்சு, 1974ல அரசாங்கம் எடுத்து ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆயிடுச்சு. நடுவுல 12 வருஷம்தான். மாறினப்ப பழைய போர்டெல்லாம் இறங்கி கதவாவும் கூரையாவும் போயிடுச்சு, மிச்சம் எடைக்குப் போயிடுச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மேல இருந்த பெயிண்ட் மூணு கோட்டு, பச்சை, அதுக்கு அடியில ஒரு நீலம், அதுக்கும் அடியில ரெட் ஆக்ஸைடு. பெயிண்ட் ரிமூவர் ஜெல்லிய தடவி பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி விட்டா நடுப்பகுதி தோல் மாதிரி உரிஞ்சு வந்துடுது, வழவழப்பான இடத்துல ஈரமா வெச்சுக்கிட்டு பிளேடைச் சாய்ச்சு தள்ளினாலும் ஒண்ணும் ஆகல, அடியில இருக்கிறது கண்ணாடிதானே. பிரச்சனையே சில்லு பேந்த ஓரங்கள்தான். அங்க துரு எனாமலுக்கு அடியில புகுந்து ஊதி, விளிம்பைத் தூக்கி நிறுத்தியிருக்கும், பாத்தா ஒட்டியிருக்கிற மாதிரிதான் தெரியும், பிளேடு நுனி மாட்டுச்சுன்னா இன்னொரு சில்லு டிக்குன்னு தெறிச்சுடும். எனக்கு ஒரு தடவை தெறிச்சுது, நீல வளையத்துல, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அன்னைக்கு வேலையை அப்படியே நிறுத்திட்டேன்.

அப்புறம் பல் குத்தற குச்சி, பழைய பிரஷ், பிளாஸ்டிக் கார்டு எல்லாம் மாத்தி மாத்திப் பாத்து கடைசியில கைகொடுத்தது தென்னை ஈர்க்குச்சி. பச்சை ஈர்க்கு வேணாம், துடைப்பத்துல இருந்து உருவின காஞ்சது. நுனியை லேசா நசுக்கினா சின்ன பிரஷ் மாதிரி விரிஞ்சுக்கும், வளையும், ஆனா கண்ணாடியைக் கீறாது. சில்லோட விளிம்புல இருந்து வெளிப்பக்கமா மட்டும் தள்ளணும், உள்பக்கம் நோக்கி தள்ளவே கூடாது. ஆறு போல்ட் ஓட்டையைச் சுத்தி மட்டும் மூணு ஞாயித்துக்கிழமை போச்சு.

துருவுக்கு ஆக்சாலிக் ஆசிட் பவுடர், வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு பஞ்சுல நனைச்சு துருக்கறை மேல மட்டும் வெச்சேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாத்துக்கிட்டே இருந்தேன். டீ சிந்தின மாதிரி வெள்ளையில இறங்கியிருந்த கறை மெதுவா வெளுத்துச்சு. கழுவி, சோடா உப்புத் தண்ணியில துடைச்சு, உடனே ஹேர் டிரையர் போட்டுடணும், இல்லேன்னா வெறும் இரும்பு தெரியிற இடத்துல கண்ணு முன்னாடியே மறுபடி துரு பூக்குது. கையுறை கட்டாயம், ஆக்சாலிக் ஆசிட் விஷம். தயவுசெஞ்சு பாத்ரூம் ஆசிட் பக்கம் போகாதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி கால்டெக்ஸ்ங்கிற பெட்ரோல் கம்பெனியோட ஒரு போர்டுல நான் அதை ஊத்தி, சிவப்பு நட்சத்திரம் சாம்பல் பூத்துப் போச்சு, அதுக்கப்புறம் எந்த வேக்ஸும் பளபளப்பைத் திருப்பிக் கொண்டு வரல. இன்னும் அதைப் பாத்தா வயிறு எரியுது.

சில்லை புட்டி வெச்சு அடைச்சு டச்சப் பண்ணுன்னு நண்பர் ஒருத்தர் சொன்னார். பண்ண மாட்டேன். இப்ப புதுசா அடிச்சு, உப்புத்தண்ணி ஊத்தி துருப்பிடிக்க வெச்சு, பழசுன்னு விக்கிற போர்டு ஏகப்பட்டது வருது, நிறம் மாறற இடத்துல நகத்தை ஓட்டினா தட்டுற அந்தப் படியும், சில்லுல தெரியிற அந்தக் கருநீலக் கோடும்தான் இது அசல்ங்கறதுக்கு நம்ம சாட்சி. அதை நாமளே மூடினா எப்படி? வேக்ஸ் மட்டும் ரெண்டு கை போட்டேன், போதும்.

அடுத்து பம்பு தலையில உக்கார்ற ஷெல்லோட சிப்பி வடிவ கண்ணாடி உருண்டை ஒண்ணு தேடணும். பழம்பொருள் கடைகள் இருக்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு ரவுண்டு போகணும்னு ரொம்ப நாளா ஆசை, பொங்கல் லீவுல போவேன். சென்னையில பழைய இரும்புக்குப் பேர்போன புதுப்பேட்டையிலயும் ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

ஆனா இந்த போர்டே இன்னும் முடியல, மறுபக்கம் அப்படியே இருக்கு. அந்த "பஞ்சர்"ல இருக்கிற 'ஞ்'சைப் பாருங்க, சுழியை ஒரே இழுப்புல போட்டிருக்கார், எழுதினவர் யாரோ, நல்ல கை. அதுக்கு அடியிலயும் ஒரு எஸ்ஸோ இருக்கு, ஒருவேளை இதைவிட சுத்தமா. நாலு நாளா ஜெல்லி டப்பாவை எடுத்து வெச்சுக்கிட்டு முன்னாடி உக்காந்துட்டு மூடி திறக்காமலே எழுந்து வர்றேன். நேத்து முடிவு பண்ணிட்டேன், அந்தப் பக்கம் கை வெக்கப் போறதில்ல. செவுத்துல அடிக்காம, ரெண்டு பக்கமும் தெரியிற மாதிரி சங்கிலியில தொங்க விடணும். போல்டுக்கு அடியில போட தோல் வாஷர் வெட்டக் குடுத்திருக்கேன், புதன்கிழமை வந்துடும்.