பிரைவட்டியர் கப்பலில் எதற்கு அவ்வளவு கூட்டம்?

அமெரிக்க விடுதலைப் போரில் அரசு உரிமத்தோடு பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களைப் பிடித்துப் பிழைத்த தனியார் கப்பல்காரர்கள்தான் பிரைவட்டியர்கள். அவர்களின் தொழிலே ஆள் கணக்குதான். இருபது பேர் ஓட்டிவிடக்கூடிய பாய்மரக் கப்பலில் நூறு பேர் ஏறுவார்கள். பிடிக்கிற ஒவ்வொரு கப்பலையும் துறைமுகம் சேர்க்க ஆள் வேண்டுமே!

அமெரிக்கர்களின் பிரதிநிதி சபையான காங்கிரஸ் 1776 ஏப்ரலில் வகுத்த விதிப்படி, 100 டன் வரையிலான கப்பலுக்கு 5,000 டாலர், மற்றதற்கு 10,000 டாலர் பிணை எழுதிக் கொடுத்தால்தான் உரிமம். உரிமம் இல்லாமல் பிடித்தால் அது வெறும் கடற்கொள்ளை. ஆட்களில் மூன்றில் ஒரு பங்காவது கடல் தொழில் தெரியாதவர்களாக இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி. நல்ல மாலுமிகளுக்கு அவ்வளவு கிராக்கி.

வரும்படியில் வழக்கமாகப் பாதி முதலாளிக்கு. மீதி பங்கு பங்காகப் பிரியும்: சாதாரண மாலுமிக்கு ஒன்று, பையன்களுக்கு அரை, கேப்டனுக்குப் பல. கைச்செலவுக்கு வழியில்லாதவர்கள் கிளம்பும் முன்பே பங்கை விற்றுவிடுவதும் உண்டு. வாங்கியவருக்குக் கரையில் இருந்தபடியே லாபம்.

கப்பல் சிக்கியதும் முதல் வேலை, கேப்டன் அறைக்கு ஓடி சரக்குச் சீட்டு, பயண அனுமதி எல்லாவற்றையும் எடுப்பது. தாமதித்தால் கடலில் வீசிவிடுவார்கள். அப்புறம் அது எதிரிக் கப்பல்தான் என்று கோர்ட்டில் நிரூபிப்பது பெரும்பாடு. தீர்ப்பு வரும்வரை சரக்கில் கைவைக்கக் கூடாது. சிக்கிய கப்பலின் முக்கியஸ்தர் ஒருவரையாவது நீதிபதி முன் நிறுத்த வேண்டும். பிறகுதான் ஏலம், செலவு போகப் பங்கு.

சிக்கல் தொடங்குவது வழியில். பிடித்த கப்பலில் அனுப்பப்படும் ஏழெட்டுப் பேரே பாயையும் பார்க்க வேண்டும், கைதிகளையும் காக்க வேண்டும், தூங்கவும் வேண்டும். அசந்தால் கைதிகளே கப்பலைத் திருப்பிக்கொள்வார்கள். நாலைந்து கப்பல் பிடித்த பிறகு சொந்தக் கப்பலிலும் பீரங்கிக்கு ஆள் தேறாது. அந்த நேரம் பார்த்து பிரிட்டிஷ் போர்க்கப்பல் எதிர்ப்பட்டால் தொலைந்தது.

இதனாலேயே பல கேப்டன்கள் தண்ணீரும் காவலும் மிச்சம் என்று கைதிகளை இறக்கிவிட்டார்கள். என் பார்வையில் அது தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதுதான். தாங்கள் சிக்கியபோது மாற்றிக்கொள்ளக் கைதிகள் போதவில்லை. பிரிட்டிஷ் படைவீரர்களைக் கொடுத்து இந்த மாலுமிகளை மீட்க அமெரிக்கப் படைத் தளபதி வாஷிங்டனும் விரும்பவில்லை. அதனால் நியூயார்க்கில் புரூக்ளின் கரையோரம் கிடந்த பிரிட்டிஷாரின் 'ஜெர்சி' சிறைக்கப்பலில் ஆயிரம் பேருக்கு மேல் அடைபட்டார்கள். ஆறு பேருக்கு ஒரு பந்தி. பிரிட்டிஷ் மாலுமிக்குக் கிடைக்கும் உணவில் மூன்றில் இரண்டு பங்குதான் சாப்பாடு. 1781-இல் பிடிபட்ட ஜேம்ஸ் ஃபோர்டன் என்ற கறுப்பினச் சிறுவன், பீரங்கிக்கு வெடிமருந்து சுமந்தவன், அங்கே ஏழு மாதம் கிடந்து, கைதி மாற்றத்தில் வெளியே வந்த அதிர்ஷ்டசாலிகளில் ஒருவன்.