காதெலும்பு

அக்கா மகள் காது மூக்கு தொண்டை மேற்படிப்பு படிக்கிறாள். இன்று அவள் அறுவை சிகிச்சைப் பயிற்சிக்காக டிரில்லால் குடைந்துகொண்டிருந்தது, ஒரு நோயாளியின் சிடி ஸ்கேனை வைத்து 3டி பிரிண்டரில் எடுத்த காதெலும்பு, அதாவது காதைச் சுற்றியுள்ள மண்டையோட்டு எலும்பின் மாதிரி.

உள்ளே மஞ்சளாக ஒரு இழை.

முக நரம்பாம். அதை வெட்டிவிட்டால் முகத்தின் ஒரு பக்கம் அப்படியே செயலிழந்துவிடும், கண்ணை மூட முடியாது, வாய் கோணிக்கொள்ளும். நிஜ எலும்புக்குள் இப்படிப் பளிச்சென்று தெரியாது, எலும்பு மெலிய மெலிய நிதானித்துத் தேட வேண்டும்.

இறந்தவரின் எலும்பில் பழகுவதுதான் உசத்தி என்பார்கள். சரிதான், ஆனால் அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

காது கேட்க உட்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட்டுக்கு வரும் ஒரு வயதுக் குழந்தையிடம் போகும்முன், எத்தனை மாதிரிகள் வீணானாலும் பரவாயில்லை, படிக்கிற பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள்.