ஒரே இணைப்பு, வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும்

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. வீட்டுக்குள் என் கணினி, பையனின் மடிக்கணினி. களத்தைத் தாண்டினால் தறிக்குடோன். அங்கே நங்கை (அண்ணி) கணக்குப் பார்க்கும் கணினி. அதற்குத்தான் நெட் கிடையாது. சரக்கு அனுப்ப இணையத்தில் எடுக்கும் ஈ-வே பில் போட நங்கை செல்போனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்பார். துணி ஏற்றிய வண்டி காத்துக் கிடக்கும். பார்க்கப் பொறுக்காமல்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் வைஃபையை நம்பினேன். அதன் இரண்டு அலைவரிசையில் 5 கிகாஹெர்ட்ஸ் வாசல் வேப்பமரத்தோடு சரி. 2.4 குடோன் கதவு வரை வந்தது. உள்ளே போனால் போச்சு. கூரை, பக்கச் சுவர் எல்லாம் தகரம், அலையை உள்ளே விடாது. ரிப்பீட்டர் வைத்தாலும், அதற்கு வந்து சேரும் அலை நன்றாக இருந்தால்தானே அது நல்லதைத் திருப்பித் தரும்? சரி, ஒயர்தான் என்று முடிவெடுத்தேன்.

கயிறு பிடித்து அளந்ததில் 48 மீட்டர். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், கவலையில்லை. திருப்பூரில் கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்ட கேட் 6 வகை ஈதர்நெட் கேபிள் விலை குறைவு. ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம். வேண்டாமென்று, முழுச் செம்புக் கம்பியில் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறைக் கேபிளாக வாங்கினேன். தறிக்குப் போகும் மின்சார ஒயரை ஒட்டாமல் தடத்துக்கு அந்தப் பக்கமாகப் பள்ளம் எடுத்து, பிவிசி குழாய்க்குள் விட்டேன்.

முனையில் பிளக் மாட்டுவதுதான் நுணுக்கமான வேலை. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு பக்கமும் இதே வரிசை. மாட்டி வேகம் பார்த்தால் 94. கணினியை வீட்டுப் பெட்டி அருகிலேயே வேறு கேபிள் துண்டில் மாட்டினால் 190-க்கு மேல். 94 என்ற எண்ணே சொல்லிவிட்டது: இணைப்பு 100-க்கு இறங்கியிருக்கிறது. 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். கேபிள் டெஸ்டர் இரவல் வாங்கிச் சொருகினேன். எட்டாவது கம்பிக்கான விளக்கு எரியவில்லை. பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்புக் கம்பி நுனிக்கு ஒரு நூல் குறைவாக நிற்கிறது. வெட்டிவிட்டுப் புதுப் பிளக்கை நெரித்து மாட்டியதும் (கிரிம்ப்) குடோனிலும் 190.

அடுத்த ஞாயிறு, குடோனில் செல்போன்களுக்கும் வைஃபை கிடைக்கட்டும் என்று பழைய ரவுட்டரை அங்கே சேர்த்தேன். அரைமணியில் வீட்டிலும் நெட் போய்விட்டது!

"ஏனுங்க நங்கை, அங்க வருதுங்களா?"

"ஒரு போன்ல வருதுங்க தம்பி, இன்னொண்ணுல வரமாட்டீங்குது."

நெட் வராத மடிக்கணினிக்கு வலையில் கிடைத்த எண்ணை, அதாவது ஐபி முகவரியைப் பார்த்தேன். 192.168.0 என்று தொடங்கியது. எங்கள் ஃபைபர் பெட்டி கொடுப்பது 192.168.1. அப்போதுதான் புரிந்தது: இரண்டு பெட்டிகளும் முகவரி வழங்குகின்றன, எது முந்துகிறதோ அதனிடம் கருவி வாங்கிக்கொள்கிறது. பழைய ரவுட்டரிடம் வாங்கியதற்கு வெளியே போக வழியில்லை. இந்த 192.168 எண்கள் உள்வலைக்கென ஒதுக்கப்பட்டவை (ஆர்எஃப்சி 1918 என்ற 1996-ஆம் ஆண்டு இணைய ஆவணம்). எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். வெளியே போகும்போது ஃபைபர் பெட்டி எல்லாருக்கும் சேர்த்து ஒரே வெளிமுகவரியைப் போட்டு அனுப்பி, பதில் வந்ததும் யார் கேட்டதென்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு இணைப்பைப் பல கணினி பகிர்வது இப்படித்தான். ஆனால் ஒரு வீட்டில் முகவரி கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும்.

பழைய ரவுட்டரில் முகவரி வழங்கும் வேலையை (டிஹெச்சிபி) நிறுத்தினேன். அதற்கு 192.168.1.250 என்று நிலையான முகவரி கொடுத்து, ஃபைபர் பெட்டி வழங்கும் எண்களை 100 முதல் 200 வரை என்று சுருக்கினேன். கேபிளை வெளியிணைப்புக்கான வேன் (WAN) துளையில் அல்ல, முதலிலிருந்தே உள்வலைக்கான லேன் (LAN) துளையில்தான் மாட்டியிருக்கிறேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்; அங்கே மாட்டினால்தான் அது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வெறும் வைஃபைப் பெட்டியாக நிற்கும்.

மூன்று வாரமாக நங்கை நாற்காலியை விட்டு எழாமல் பில் போடுகிறார். ஒரு பயம் மட்டும் இருக்கிறது. இரண்டு கட்டடத்தை இணைக்கும் செம்புக் கம்பி, பக்கத்தில் இடி விழுந்தால் இரு முனைப் பெட்டிகளையும் காவு வாங்கிவிடும். ஐப்பசி மழைக்குள் இதை ஃபைபராக மாற்ற வேண்டும். அதற்காகவே குழாய்க்குள் ஒரு நைலான் கயிறும் விட்டு வைத்திருக்கிறேன்.