புரெவி வரும் வழி

2020 டிசம்பர் 1, செவ்வாய்

வங்கக்கடலில் இருந்த தாழ்வு மண்டலம் சாயங்காலம் புயலாகிவிட்டது. பெயர் புரெவி, மாலத்தீவு கொடுத்த பெயர். நிவர் புதுச்சேரிப் பக்கம் கரையேறி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அடுத்தது. இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கி, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே கரைக்கு வரும் என்கிறது வானிலை ஆய்வு மையம். அந்த நேர்கோட்டை மேற்கே நீட்டினால் சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் மேலேயே போகிறது.

திருநெல்வேலிச் சீமைக்குப் புயல் அபூர்வம். கிழக்கே இலங்கை குறுக்கே கிடக்கிறது, பெரும்பாலானவை அதற்கு வடக்கே ஒதுங்கிவிடும். தாண்டி வந்தவற்றை யாரும் மறக்கவில்லை. 1964 டிசம்பரில் வந்தது தனுஷ்கோடியை அழித்தது. 1992 நவம்பர் 13-ல் தூத்துக்குடிப் பக்கம் ஏறியதில் தாமிரபரணி பெருக்கெடுத்தது. ஆச்சியிடம் கேட்டால் இன்றைக்கும் அந்த ராத்திரியைச் சொல்வாள்: "காத்து பெருசா இல்லய்யா. தண்ணிதான். விடியுமுன்ன தெரு வாசல்ல நின்னுச்சு."

அதுதான் உள்நாட்டுக்காரன் கவலை. கடல் அலை நம்மைத் தொடாது. காற்றும் தரையில் ஏற ஏற வலுக்குறையும். (எப்போதும் அப்படி நம்ப முடியாது. 2018-ல் கஜா புயல் திண்டுக்கல் வரைக்கும் மரத்தைச் சாய்த்தது.) ஆனால் மழை குறையாது. கிழக்கிலிருந்து வருகிற ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி ஏறினால் மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கில் கொட்டும். கொட்டியது எல்லாம் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளுக்கு வரும். அணை கொள்ளாததை ஆறு வாங்கிக்கொள்ளும். ஆற்றுக்குப் பக்கத்தில் இருப்பது நாங்கள்.

டிசம்பர் 2, புதன்

விடிந்ததிலிருந்து வாழைத்தோட்டம். நானூறு ஏத்தன் வாழை, பாதிக்கு மேல் குலை தள்ளி நிற்கிறது. குலை தள்ளிய வாழையைப் போல அப்பாவி வேறு பயிர் இல்லை. தண்டில் இருப்பது முழுக்க நீர், வேர் மேலாக ஓடுகிறது, தலையில் பன்னிரண்டு கிலோ தொங்குகிறது. குலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இரண்டு சவுக்குக் கம்பை நிறுத்தி, கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே வைத்து, கழுத்துக்குக் கீழே கொடுக்க வேண்டும். கட்டுகிற கயிறு தண்டை அறுக்காமலிருக்க உள்ளே காய்ந்த சருகை மடித்து வைப்போம். அடி இலைகளை அறுத்துவிட்டோம். காற்று பிடிக்கிற பாய் குறைந்தால் மரம் தாங்கும். கம்பு இருநூற்றுக்குத்தான் வந்தது. மற்றதை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினோம்.

மத்தியானம் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரியும் எங்கள் வாய்க்காலில் இறங்கி அமலைச் செடியை அள்ளிப் போட்டோம். பிசானப் பருவத்து நெல் நடவு முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. வடிகால் அடைத்தால் நாற்று மூழ்கிவிடும். பக்கத்து வயல் அண்ணாச்சி, "வராத புயலுக்கு இவ்வளவு பாடா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே அவரும் இறங்கினார்.

கரையில் உட்கார்ந்திருந்த மகள் (பள்ளிக்கூடம் மார்ச்சிலிருந்தே பூட்டு) நல்ல கேள்வி ஒன்று கேட்டாள். "புயலுக்கு வழி எப்படிப்பா தெரியும்?"

மடைக்குக் கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். சுழி தன்பாட்டுக்குச் சுற்றும், ஆனால் அதைக் கொண்டுபோவது வாய்க்காலின் ஓட்டம். புயலும் அப்படித்தான். சுற்றுவது அதன் வேலை, இழுத்துப்போவது சுற்றியுள்ள காற்றோட்டம். முற்றத்தில் நம் முகத்தில் படுகிற காற்றை வைத்து அதைச் சொல்ல முடியாது. தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரம் வரைக்கும் உள்ள காற்றை மொத்தமாகப் பார்க்க வேண்டும். புயல் வலுவாக, உயரமாக இருந்தால் மேல்மட்டக் காற்றும் சேர்ந்து தள்ளும். வலு குறைந்தால் கீழ்மட்டக் காற்றின் பேச்சைத்தான் கேட்கும்.

அந்தக் காற்றோட்டத்தை அமைப்பவை உயர் அழுத்தப் பகுதிகள். பூமியின் வடபாதியில் அவற்றைச் சுற்றிக் காற்று கடிகார முள் போகிற திசையில் போகும். ஆகையால் உயர் அழுத்தம் வடக்கே இருந்தால், அதன் தென் ஓரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். புரெவி இப்போது அந்த ஓரத்தில்தான் வருகிறது. அந்த உயர் அழுத்தம் கொஞ்சம் விலகினால் புயல் வடக்கே திரும்பிவிடும். புயல் போகக்கூடிய வழி இவ்வளவுக்குள் என்று வரைபடத்தில் போடுகிற கூம்பு தூரம் போகப் போக அகலமாவது அதனால்தான். நடுக்கோட்டை மட்டும் பார்த்து "நம்ம ஊருக்கு இல்லை" என்று யாரும் தூங்கப் போகக் கூடாது.

டிசம்பர் 3, வியாழன்

நேற்று ராத்திரி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி இலங்கையைக் கடந்துவிட்டது. மத்தியானம் பாம்பனுக்குப் பக்கத்தில்.

தொட்டி நிறையத் தண்ணீர் ஏற்றியாயிற்று. மோட்டாரைக் கழற்றி மேட்டில் வைத்தாயிற்று. தொழுவத்துத் தகரத்தின் மேல் மண்மூட்டை. பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில். நாலு நாளைக்கு முன் கார்த்திகைக்கு ஏற்றிய அகல்களை மனைவி எடுத்து உள்ளே வைக்கவில்லை. திரி போட்டுத் தயாராக இருக்கின்றன. மாட்டை ராத்திரி கட்டக் கூடாது என்று ஆச்சி உத்தரவு. 1992-ல் கயிற்றோடு போன மாடுகளை அவள் பார்த்திருக்கிறாள்.

சாயங்காலம் புயல் வலுவிழந்து ஆழ்ந்த தாழ்வு மண்டலமானது என்று செய்தி. ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தேன், நகரவில்லை.

டிசம்பர் 4, வெள்ளி

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி, விருதுநகர், ராமநாதபுரம் ஆறு மாவட்டங்களுக்கும் அரசு விடுமுறை. இங்கே தூறல்தான். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். தாழ்வு மண்டலம் ராமநாதபுரம் கரையை ஒட்டி அப்படியே நிற்கிறது.

டிசம்பர் 5, சனி

இன்றும் அங்கேயே. ஒன்றரை நாளாகிறது.

காரணம் இதுதான். புயலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு உயர் அழுத்தம். ஒன்று இந்தப் பக்கம் தள்ளுகிறது, மற்றது அந்தப் பக்கம். இரண்டும் சமமாகிவிட்டால் கொண்டுபோக ஓட்டம் இல்லை. வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற முக்கில் செத்தை அங்கேயே சுற்றிக்கொண்டு கிடக்குமே, அப்படி.

நம் பக்கம் ஏன் பெய்யவில்லை என்பதும் வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். தாழ்வு மண்டலத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடும். அதன் மையம் நமக்குக் கிழக்கே நிற்கிறது. அதனால் நமக்கு வருவது வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் தரை மேல் வருகிற காற்று, ஈரம் குறைவு. கடலூர், சிதம்பரம் பக்கம் அதே சுற்று கடலிலிருந்து நேராக ஏறுகிறது. நிற்கிற புயல் ஓடுகிற புயலை விடப் பொல்லாதது. ஒரே இடத்தில் ஊற்றிக்கொண்டே இருக்கும். சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் நிற்கிற படத்தைப் பார்த்து ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

என்னோடு படித்தவன் ஒருவன் அந்தப் பக்கம் சம்பா போட்டிருக்கிறான். போன் செய்தேன். கதிர் வருகிற பயிர், இடுப்பளவு தண்ணீரில். "உங்க பக்கம்தான வரும்னு சொன்னாங்க மாப்ள? நான் உன்ன நெனச்சுத்தான் கவலப்பட்டுக்கிட்டிருந்தேன்" என்றான். எனக்குக் குரல் வரவில்லை. இங்கே ஒரு வாழை சாயவில்லை என்பதை அவனிடம் எப்படிச் சொல்ல?

எப்போது நகரும் என்று கேட்டான். இனி நகராது, அங்கேயே வலுவிழந்து கரையும் போலத்தான் தெரிகிறது, மழை படிப்படியாகக் குறையும் என்றேன். சரி, வாய்க்காலை வெட்டிவிடப் போகிறோம், ஊரே மண்வெட்டியோடு கிளம்புகிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான்.