மலை ஓடையின் நண்டு வேட்டைக்காரர்

உலகின் மிகச் சிறிய நீர்நாய் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் வாழ்கிறது. ஐந்து கிலோவைத் தாண்டாத உடம்பு. வால்பாறைப் பக்கம் ஓடைப் பாறைமேல் நண்டு ஓட்டுத் துணுக்குகள் நிறைந்த எச்சம் கிடந்தால், பெரும்பாலும் இதனுடையதுதான்.

நகம் மிகக் குட்டையாக இருப்பதால் விரல்நுனிக்குத் தொடு உணர்வு அதிகம். கலங்கிய நீரிலும் கல்லடியில் துழாவி நண்டைப் பிடித்து, அகன்ற கடைவாய்ப் பற்களால் ஓட்டோடு நொறுக்கிவிடும்! குட்டிகள் கண் திறக்கவே ஏறக்குறைய 40 நாள் ஆகும். தாயோடு தந்தையும் சேர்ந்தே வளர்க்கிறது, மூத்த பிள்ளைகளும் கைகொடுக்கின்றன.

இப்படிக் கூடி வாழும் உயிரை வீட்டில் அடைத்து வளர்க்கும் காணொளிகளைத் தயவுசெய்து பகிராதீர்கள். செல்லப்பிராணிச் சந்தைக்குக் குட்டிகள் கடத்தப்பட்டதால்தான் 2019இல் இதன் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்ய வேண்டியிருந்தது.