வேதாரண்யம், மழைக்கு முன்னும் பின்னும்

செப்டம்பர் 22, 2024, ஞாயிறு

இருபத்து மூன்று முறை கயிறு இழுத்தேன். ஜெனரேட்டர் ஒரு செருமல்கூடச் செருமவில்லை. தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. வாடகை ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். முறை வரும்வரை காத்திருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். அந்த எரிச்சலில் மறுவருடம் வாங்கியது இந்த 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர். அதன்பின் ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைத்ததோடு சரி. போன டிசம்பரில் ஊற்றிய பெட்ரோல் இன்னும் டேங்கிலேயே கிடக்கிறது.

செப்டம்பர் 24

டூவீலர் மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வந்தார். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்ததும், "இது பெட்ரோலா, வார்னிஷா தம்பி?" என்றார். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே பிசின் மாதிரி ஒரு படிவு. பெட்ரோல் அளவாகப் போகும் மெயின் ஜெட்டின் நுண்துளை அடைத்துப் போயிருந்தது. கிளீனர் ஸ்ப்ரே அடித்து, ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவிக் குத்தி எடுத்தார். ஊசி விட்டால் துளை பெரிதாகிவிடுமாம்.

பெட்ரோலில் இப்போது எத்தனால் கலக்கிறார்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். டேங்கின் அடியிலிருந்துதான் இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிறது. எங்கள் ஊர் ஈரக்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அக்டோபர் 11, ஆயுத பூஜை

இந்தத் தடவை பொட்டுக்கு முன்னால் வேலை. இன்ஜின் ஆயிலை வடித்தேன், கறுப்புக் காபி. புது ஆயில் அரை லிட்டருக்குச் சற்று மேல் பிடித்தது. ஆயில் குறைந்தால் ஸ்டார்ட் ஆகவிடாமல் ஒரு சென்சார் தடுத்துவிடும். சரிவான தரையில் வைத்தாலும் அதே கதை. இது தெரியாமல் போன வருடம் ஒரு காலைப்பொழுதை வீணடித்தேன். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டினேன். ஸ்பார்க் பிளக் புதுசு, பொறி தாவும் இடைவெளி 0.7 மி.மீ.

"ஓட வெச்சுக் காட்டுங்க, அப்புறம் பொட்டு வைக்கலாம்" என்றாள் மனைவி. நாலாவது இழுப்பில் ஓடியது. சும்மா ஓடவிட்டால் பிளக்கில் கரி பிடிக்கும் என்று ஃபேன், இஸ்திரிப் பெட்டி இரண்டையும் போட்டு இருபது நிமிடம் ஓட்டினேன். இஸ்திரி போட்ட சட்டைகள் லாபம்.

அக்டோபர் 20

பக்கத்து வீட்டு மாமா, இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைக் கொண்டுவந்து, "இதை சுவத்துல சொருகு, வீடு முழுக்க எரியும்" என்றார். கஜா சமயத்தில் அப்படித்தான் செய்தாராம். வீட்டுக் கரண்ட் லைனுக்குத் திரும்பிப்போனால் டிரான்ஸ்ஃபார்மர் அதை 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் கதி? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டாயிற்று; லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றைத்தான் அது வீட்டோடு இணைக்கும். மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நவம்பர் 10

இருபது நிமிடம் ஓட்டம். மூன்றாவது இழுப்பு.

நவம்பர் 27, புதன்

நேற்றிலிருந்து விடாத மழை. விடியற்காலை நாலு மணிக்குக் கரண்ட் போனது. நனையுமே என்று திண்ணையில் வைக்கச் சொன்னார் அம்மா, நான் மறுத்துவிட்டேன். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஜன்னலிலிருந்து இருபது அடி தள்ளி, செங்கல் அடுக்கி மேடாக்கி, மேலே உயரமாகத் தகரம் போட்டு, நாலு பக்கமும் திறந்தே விட்டேன்.

இரண்டாவது இழுப்பு!

முதலில் அரை எச்பி மோட்டார், தொட்டி நிறைந்ததும் ஃபிரிட்ஜ். இரண்டையும் சேர்த்துப் போட்டால் திணறும். கூடத்தில் ஒன்பது போன்கள் சார்ஜில் கிடந்தன, ஒன்று மாமாவுடையது. பெட்ரோல் தீர்ந்ததும் நிறுத்தி, சூடு ஆறக் கால் மணி நேரம் காத்திருந்துதான் ஊற்றினேன்.

டிசம்பர் 1

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டது. இங்கே கரண்ட் ஒழுங்காக இருக்கிறது. டேங்கில் மிஞ்சிய பெட்ரோலை ஸ்கூட்டருக்கு மாற்றினேன். மீதியை இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து கடைசிச் சொட்டையும் வடித்தேன். பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி, கயிற்றை மெல்ல இழுத்து, கயிறு இறுகும் இடத்தில் நிறுத்தினேன். அங்கே வால்வுகள் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. உப்புக்காற்றில் பச்சை பூத்த முனைகளைத் தேய்த்து வாசலின் தடவினேன்.

பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் உள்ளே வியர்க்கும் என்று ஒரு பழைய பெட்ஷீட்டால் போர்த்திவிட்டேன். அது பழசு இல்லையாம். அம்மா தேடிக்கொண்டிருக்கிறார்.