பிரான்மலைக்கு ஒரு முதுகுப்பை

செட்டிநாட்டுக்குப் போகிறேன் என்றால் வீடு பார்க்கவா, சாப்பிடவா என்றுதான் கேட்பார்கள். மலையேற என்று சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. காரைக்குடியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்மண்ணும் ஊருணியும் சீமைக்கருவேலும்தான். ஆனால் சிங்கம்புணரி தாண்டிப் போனால் பிரான்மலை இருக்கிறது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பறம்பு மலை இதுதான் என்பார்கள். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் ஒரு தர்கா. விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்த் திரும்பிவிடலாம்.

கோடையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூடாரத்தோடு சில நாள் நடப்பதாக எனக்கும் நண்பனுக்கும் திட்டம். புதுப் பையை முழுச் சுமையோடு பழக்கிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். நண்பனுக்குக் காரைக்குடிப் பக்கம்தான் சொந்த ஊர். தங்க அவன் வீடு, சாப்பாட்டுக்கு அவன் அப்பத்தா. வேறு யோசனையே தேவைப்படவில்லை.

பைக்கடையில் எத்தனை லிட்டர் கொள்ளும் பை வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். லிட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் முதுகை அளக்க வேண்டும். கடைக்குப் போகும் முன்பே எங்களுக்கு அளவெடுத்தவர் அந்த அப்பத்தாதான். ஊரே அவரை ஆச்சி என்கிறது, நானும் அப்படியே. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தேக்குத் தூணோரமாக என்னை நிறுத்திவிட்டு, தையல் மெஷின் டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து வந்தார்.

தலையை நன்றாகக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஒரு எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அங்கிருந்துதான் அளவு தொடங்குகிறது. இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேட்டில் வைத்துக் கட்டைவிரல்களைப் பின்பக்கம் நீட்டினால், அவை இரண்டும் நேராக வரும் இடத்தில் முடிகிறது. நடுவில் முதுகின் வளைவோடு டேப்பைப் படிய விட வேண்டும். விறைப்பாக இழுத்துப் பிடித்தால் அளவு குறைந்து காட்டும். எனக்கு 47 சென்டிமீட்டர், நண்பனுக்கு 48. அவன் என்னைவிட அரையடி உயரம்! "வளத்தியெல்லாம் காலுக்குப் போயிருச்சுடா ஒனக்கு" என்றார் ஆச்சி. கடையில் என்றால் ஆளைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு ஸ்மாலும் அவனுக்கு லார்ஜும் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் மீடியம்தான் சரி. கம்பெனிக்குக் கம்பெனி இந்த அளவுகள் கொஞ்சம் மாறும், அதனால் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுடைய அட்டவணையைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது எடை. மதுரையில் ஒரு கடையில் அரை கிலோவுக்குச் சற்று மேலே இருந்த ஒரு பையைக் காட்டினார்கள். கையில் தூக்கினால் காற்று மாதிரி இருந்தது. உள்ளே பார்த்தால் ஃப்ரேம் கிடையாது. துணி, வார், முதுகுப் பக்கம் மெல்லிய ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். எட்டு ஒன்பது கிலோவுக்குள் சுமப்பவர்களுக்கு அது போதும். அதற்கு மேல் போனால் பை நடுவில் மடங்கிச் சரிந்து, பாரம் முழுக்கத் தோளில் தொங்க ஆரம்பிக்கிறது. கூடாரம், தூங்கும் பை, அடுப்பு, தண்ணீர் எல்லாம் சேர்த்து எங்கள் கணக்கு பதினோரு கிலோ. நான் 62 கிலோ ஆள். பல நாள் நடைக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள், அதற்குள் வந்துவிடுகிறது. அதனால் முதுகில் மெல்லிய அலுமினியக் கம்பி ஓடும் ஒரு பையை எடுத்தேன். அதன் எடை 1.2 கிலோ. அரை கிலோவுக்கு மேல் கூடுதல்தான், ஆனால் அந்தக் கம்பிதான் சுமையை இடுப்புக்கு இறக்குகிறது.

காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்த்துவிட்டு யாரும் வாங்கிவிடாதீர்கள். காலியாக இருந்தால் எந்தப் பையும் சுகமாகத்தான் இருக்கும். நாங்கள் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு கடைக்குள்ளேயே கால் மணி நேரம் சுற்றினோம். கடைக்காரர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

மாட்டுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டை. அது வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். தொப்பை உள்ளவர்களுக்கு அது மேலே ஏறப் பார்க்கும். கொஞ்சம் இறக்கியே கட்டுங்கள். அப்புறம் தோள் வார், படிகிற அளவுக்கு மட்டும். நெஞ்சு வார் காரை எலும்புக்கு இரண்டு விரல் கீழே. கடைசியாகத் தோளுக்கு மேலே பையின் தலைப்பக்கம் போகும் சின்ன வார். அது ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் நின்றால் முதுகின் அளவு சரி. எல்லாம் கட்டி முடித்ததும் தோள் வாருக்கு அடியில் விரல் சுலபமாக நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் பாரத்தில் பெரும்பங்கு இடுப்பில் இறங்கிவிட்டது. இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, "ஏன் தம்பி, ஒரு பைக்கு இம்புட்டு வாரா?" என்றார்.

முதலில் சமதரையில் ஒரு நடை, காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி வரை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் பழனிக்குக் கிளம்புவது இந்தக் குன்றக்குடியிலிருந்துதான்; நடப்பவர்களுக்கு இந்த ஊர் புதிதல்ல. ஆச்சி ஒரு சம்படம் (மூடி போட்ட டப்பா) நிறைய கைமுறுக்கும் சீப்புச்சீடையும் கொடுத்திருந்தார். நண்பன் அதைப் பையின் வெளி பாக்கெட்டில் திணித்தான். ஊர் எல்லை தாண்டுவதற்குள்ளேயே பை அவனைப் பின்னால் இழுக்க, முன்னால் குனிந்து நடந்தான். நிறுத்திப் பிரித்து அடுக்கினோம். கனமானதெல்லாம் முதுகை ஒட்டி, நடு உயரத்தில். தூங்கும் பை அடியில். சம்படம் துண்டில் சுற்றப்பட்டு உள்ளே. அதன்பின் நிமிர்ந்துவிட்டான்.

அவன் பையில் முதுகுக்கும் பைக்கும் நடுவே வலை கட்டிக் காற்றோட இடம் விட்டிருக்கிறது. மாசி வெயிலுக்கே என் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது, அவனுக்குப் பரவாயில்லை. அவனுடையதை வாங்கியிருக்கலாமோ என்று குன்றக்குடி வரை பொறாமைப்பட்டேன்.

பிரான்மலையில் அது மாறியது. பாறையும் படியுமாகப் போகும் வழி. வலை வைத்த பையில் சுமை முதுகை விட்டுக் கொஞ்சம் தள்ளி நிற்பதால், பெரிய எட்டு எடுத்து வைக்கும்போதெல்லாம் அது ஒரு நொடி தாமதித்து வந்து அவனை ஆட்டியது. என் பை முதுகோடு ஒட்டிக்கொண்டு கூடவே ஏறியது, வியர்வை இருந்தாலும். ஏறும்போது மேல் வாரைச் சற்றுத் தளர்த்தினால் தலை நிமிர்த்திப் பார்க்க வசதி. இறங்கும்போது இறுக்கிவிட்டால் பை முன்னால் தள்ளாது. எங்கள் ஊர் வெயிலில் சாலை நடைக்கு வலை, ஏற்றத்துக்கு ஒட்டும் முதுகு என்பது என் கட்சி. நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பியதும் பையைக் கழுவிவிடுங்கள், வியர்வை உப்பு வாரை விறைக்க வைத்துவிடும். வாஷிங் மெஷினில் போட வேண்டாம். உட்பக்கப் பூச்சு உரிந்துவிடும். வாளித் தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டுக் கையால் தேய்த்து, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும்.